‘நான்தாண்ணே’ என்றவர்

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சடக்கில், அதாவது சாலையில், தமிழன் ஒருவன் சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு விட்டான் என்றால், அந்தத் தமிழன் நான். சகதியாகக் கிடந்த பள்ளத்தில் மண்ணடித்து, கம்பம் நட்டுத் தகரம் போட்டுக் கொட்டகை கட்டியவன் நான். எண்ணெய்க்குப் பட்டணம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேயே டின்னில் பெட்ரோல் வாங்கி வைத்து ஊற்றியவனும் நான். கோயில் முகப்பில் இருக்கும் இரும்புக் கதவு நான் போட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள் நான் கொடுத்தவை. அவற்றில் உட்கார்ந்து படிக்கும் பாக்கியம் எனக்கு இல்லை. மூன்று மாதம் மணலில் எழுதினேன், அதோடு சரி. மிச்ச எழுத்தெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தது. “உன்னால் ஆகாது” என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்டால், ஊரில் பாதிப் பேர் என்று சொல்வேன்.

கார் ஓட்டிகள் சங்கத்தின் மலருக்கு என்னைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார்கள். என்னைப் பற்றியது மேலே இருக்கிறது, அது போதும். இனி என் கொட்டகையில் ஏழு வருடம் கார் ஓட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட மாட்டேன். பெயரைப் போட்டால் பழைய பழி அதைத் தேடிக்கொண்டு மறுபடியும் வரும்.

ஆள் ஒல்லி. காதில் சின்ன வயதில் கடுக்கன் போட்ட ஓட்டை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாக இருக்கும். காக்கிச் சட்டையை இரவே துவைத்து, பாய்க்கு அடியில் மடித்து வைத்துக் காலையில் போட்டுக்கொள்வார். காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். “எதுக்குய்யா?” என்று கேட்டால், “மிதியில கால் படணும்ணே, அப்பத்தான் காரு என்ன சொல்லுதுன்னு தெரியும்” என்பார். கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்து, கங்காணியிடம் அடிபட்டு ஓடி வந்தவர். முதுகில் தழும்பு இருந்தது. அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம், மறுபடியும் தோட்டத்துக்குப் போக நேர்ந்துவிடுமோ என்பதுதான். உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். “இந்தக் கை இனிமே பால் வாளி தூக்காதுண்ணே. எத வேணும்னாலும் சொல்லுங்க, செய்யுறேன். வாளி மட்டும் முடியாது.”

அது மந்த காலம். கித்தா விலை விழுந்து, வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது கார் ஓட்டும் வேலை ஒருவருக்கு இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இன்றைக்கு இருப்பவர்களுக்குப் புரியாது.

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். எங்கே எது கெட்டுப்போனாலும், “நான்தாண்ணே” என்பார். கொட்டகைத் தகரம் காற்றில் பறந்தால், “நான்தாண்ணே, நேத்தே கல்ல எடுத்து வெச்சிருக்கணும்.” ஒரு கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோய்ப் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சண்டை வரப் பார்த்தது. நடுவில் இவர் எழுந்து, “நான்தாங்க, மூணு வாட்டி வாங்கி ஊத்திக்கிட்டேன்” என்றார். பந்தியே சிரித்துவிட்டது. சமையல்காரன் மட்டும் கோபம் மாறாமல், “எங்க அண்டாவுக்கு ஒரு ஆளு போதுமா? இவரு வயித்துல என்ன கிணறா இருக்கு?” என்றான். சண்டை அதோடு ஓய்ந்தது.

எனக்கு இந்தக் குணம் பிடிக்காது. “ஏய்யா, உனக்கு ரோசமே இல்லையா? செய்யாததையும் செஞ்சேன்னு சொல்லுற” என்று எரிந்து விழுவேன். “யாராச்சும் ஒருத்தன் சொல்லிட்டா வேலை ஆவும்லண்ணே” என்பார்.

ஆனால் அவர் காரைப் பார்க்கும் விதமே இந்தக் குணத்திலிருந்துதான் வந்தது. அந்தக் காலத்தில் புது மாதிரிக் கார்களில் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். சில சமயம் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்தினால் மறுபடி ‘டிக்’. மற்ற மெக்கானிக்குகள் உடனே ஸ்டார்ட்டரைக் கழற்றுவார்கள். இவர் கழற்ற மாட்டார். “கடைசியா யாரு கை பட்டுச்சு?” என்று கேட்பார். முதலில் தன்னையே கேட்டுக்கொள்வார். முந்தாநாள் எதைத் தொட்டேன், நேற்று எதைத் திருகினேன் என்று விரல் விட்டு எண்ணுவார். தன் கை பட்ட இடத்தையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்தவர் கை. “கை படாத எடம் சும்மா கெடாதுண்ணே. கெட்டாலும் சொல்லிட்டுத்தான் கெடும்.”

சுங்கை பினாங்கில் ஒரு குத்தகைக்காரரின் கார் இப்படி ‘டிக் டிக்’ என்று ஒரு வாரம் கிடந்தது. இரண்டு மெக்கானிக்குகள் ஸ்டார்ட்டரை இறக்கி ஏற்றிவிட்டார்கள். கடைசியில் குத்தகைக்காரர் என்னிடம் வந்தார். நான் இவரை அழைத்துக்கொண்டு போனேன்.

இவர் முன் விளக்கைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னார். ‘டிக்’ என்றதும் விளக்கு அணைந்தே போனது போல மங்கியது.

“பேட்டரி செத்துப்போச்சா?” என்றார் குத்தகைக்காரர்.

“சாகலங்க. சோறு இருக்கு, வாய்க்குப் போவல. கடைசியா யாரு கை பட்டுச்சு?”

குத்தகைக்காரரின் மைத்துனர் கொஞ்சம் தள்ளி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “நான் ஒண்ணும் செய்யலப்பா. துருப்பிடிச்சிருந்துச்சின்னு அடிச் சட்டத்துக்குக் கறுப்புச் சாயம் அடிச்சேன், அவ்வளவுதான்” என்றார்.

இவர் குனிந்து பார்த்தார். பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் பட்டைக் கம்பியைக் கழற்றிச் சாயம் அடித்து, சாயத்தின் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். சாயத்தைத் தாண்டிக் கரண்டு போகவில்லை. ஒரு காசை எடுத்து அந்த இடத்தைப் பளபளவென்று சுரண்டினார். பொத்தானை அழுத்தியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

குத்தகைக்காரர் மைத்துனர் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். “நான்தாங்க. போன மாசம் இந்தப் பக்கம் வந்தப்பவே குனிஞ்சு பாத்திருந்தா இம்புட்டு வந்திருக்காது.”

அந்த மைத்துனர் முகத்தில் உயிர் வந்தது. நான் என்ன செய்தேன்? “நம்ம கொட்டகை ஆளு எப்படி?” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பெருமையெல்லாம் எனக்கு. அதற்குப் பிறகு பட்டணத்திலிருந்துகூட ஆள் வந்தது.

அப்படித்தான் மரைக்காயர் என் கொட்டகைக்கு வந்தார். நாகூர்ப் பக்கத்து மனிதர். பட்டணத்தில் கடை, ஆயர் ஈத்தாமில் தோட்டத்தோடு வீடு. தினமும் காலையில் கடைக்குக் கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்து வர வேண்டும். மந்த காலத்தில் என் கொட்டகைக்கு அவர்தான் சோறு. அவர் கை விட்டால் கொட்டகை இல்லை.

அந்த வருடம் ஆயுத பூசையை நான் மிகப் பெரிதாகச் செய்தேன். காருக்கு மாலை, வாழைக்கன்று, ஐந்து வகைப் பழம். திருப்புளி, முடுக்கி, காரைக் கையால் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசாரி வந்து மறுபூசை செய்யும் வரை எடுக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் காருக்கு வெளியேதான் சந்தனம் வைப்பார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. காருக்கு உயிர் எங்கே இருக்கிறது? பேட்டரியில். என் ஓட்டி மாலை வாங்கப் பட்டணத்துக்குப் போயிருந்த நேரத்தில் கார் மூடியைத் திறந்தேன். பேட்டரியின் ஈயக் குமிழில் மாட்டியிருந்த வளையத்தைக் கழற்றி, குமிழ் முழுக்கக் கெட்டியாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையத்தைத் திரும்ப மேலே செருகிக் கையாலேயே அழுத்தி விட்டேன். முடுக்கிதான் பூசையில் இருந்ததே. கும்பிட்டுவிட்டு மூடினேன். மனது நிறைந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் மரைக்காயர் வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தான். நாகூரில் அவரைப் பெற்ற உம்மா சாகக் கிடப்பதாகத் தந்தி. அன்று காலையே நாகப்பட்டினம் கப்பல். அடுத்த கப்பலுக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். காரை மட்டும் பூசையிலிருந்து விடுவிக்கலாம் என்று நானே முடிவு செய்து தேங்காய் உடைத்தேன். என் ஓட்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பொத்தானை அழுத்தினார்.

டிக்.

மறுபடி அழுத்தினார். டிக்.

நேரமாவதைப் பார்த்து மரைக்காயர் பெட்டியோடு தானே நடந்து வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “என்ன தம்பி?”

“ஒண்ணுமில்ல மொதலாளி. அஞ்சு நிமிசம்” என்றேன் நான்.

ஓட்டி காரிலிருந்து இறங்கி வந்து என் காதருகே, “அண்ணே, நேத்து நான் இல்லாதப்ப யாராச்சும் கை வெச்சாங்களா?” என்று கேட்டார்.

மரைக்காயர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “யாரும் தொடல” என்றேன்.

அந்த இரண்டு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

என் சொல்லை நம்பித் தன் கை பட்ட இடங்களைத் தேடப் போனார். முந்தாநாள் ஸ்டார்ட்டர் கம்பியைத் துடைத்திருந்தார், அதைப் பார்த்தார். அதற்கு முன் விளக்குக் கம்பியைத் தொட்டிருந்தார், காருக்கு அடியில் படுத்து அதையும் பார்த்தார். எழுந்து வந்து, “அண்ணே, கைப்பிடிய மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. சுத்திக் கெளப்பிட்டு வழியில பாத்துக்கிறேன்” என்றார்.

“பூசையில இருக்குய்யா. பூசாரி வரட்டும்.”

“பூசாரி பத்து மணிக்குத்தாண்ணே வருவாரு.”

“சாமி குத்தம் வந்தா நீயா பதில் சொல்லுவ?”

அவர் காரின் பின்னால் போய்த் தோள் கொடுத்தார். தள்ளிப் பார்த்தோம். கொட்டகை சடக்கைவிடப் பள்ளம், ராத்திரி மழை வேறு. நான்கு பேர் தள்ளியும் சக்கரம் சேற்றில் இறங்கியது. சடக்கில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. மரைக்காயர் பெட்டியைத் தூக்கினார். நான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். “என் காரு நிக்கையில நீங்க டிராம்ல போறதா? இதோ ஆயிருச்சு மொதலாளி!” டிராம் போய்விட்டது.

ஓட்டி வண்டி மூடியைத் திறந்தார். சாமான் ஒன்றும் கையில் இல்லை. வெறும் கையைப் பேட்டரியின் மேல் வைத்து, என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். டிக். “இன்னும் ஒருதரம்.” டிக். கரண்டு போக முடியாமல் முட்டுகிற இடம் சூடாகும், அதைத்தான் அவர் தேடினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் குனிந்து மோந்து பார்த்தார்.

எனக்கும் அந்த வாசனை வந்தது. சூட்டில் சந்தனம் மணத்தது, கோயிலில் மணப்பது போல.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. வளையத்தைக் கையால் திருகி எடுத்து, காக்கிச் சட்டையின் முனையால் குமிழை அழுத்தித் துடைத்தார். வளையத்தைப் போட்டு, விரல் வெளுக்கும் வரை இறுக்கினார். பொத்தானை அழுத்தியதும் கார் கிளம்பியது. பலகையைப் போட்டுச் சேற்றிலிருந்து ஏற்றினோம்.

அன்று அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குப் போனபோது ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் கடைசிப் படகும் போய்விட்டிருந்தது. கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. மரைக்காயர் படகுத்துறைப் பாலத்தின் நுனி வரை நடந்து போய் நின்றார். கப்பல் சின்னதாகும் வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“யாரோட தப்பு இது?” குரலில் கோபம்கூட இல்லை.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“நான்தாங்க மொதலாளி. நேத்து பேட்டரி வளையத்த முடுக்க மறந்துட்டேன்” என்றார் அவர்.

என் வாய் மூடிக்கொண்டது.

மரைக்காயர் என்னிடம் சொன்னார். “தம்பி, இவன் ஓட்டுற வண்டியில நான் இனி காலு வெக்க மாட்டேன். இவன் ஒங்க கொட்டகையில இருந்தா ஒங்க வண்டியும் எனக்கு வேணாம்.”

திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். திட்டினால்கூட நன்றாயிருக்கும் என்றிருந்தது. ஆயர் ஈத்தாம் நெருங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். “நல்ல சந்தனம்ணே அது. இன்னும் கையில மணக்குது.”

அது குத்தலா, உள்ளபடியே சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“ஒரு மாசம் எங்கயாச்சும் இரு. மரைக்காயர் கோவம் ஆறினதும் கூப்பிடுறேன்” என்றேன். “சரிண்ணே” என்றார். கூப்பிடவில்லை. அடுத்த கப்பலில் மரைக்காயர் போனபோது உம்மாவை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்து கார் வைத்திருந்த எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொன்னார். அந்த ஆளை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. அவரும் போன இடத்திலெல்லாம், “ஆமாங்க, நான்தான்” என்றே சொல்லியிருக்கிறார். வேறு எப்படி வேலை கிடைக்கும்?

இரண்டு வருடம் கழித்து ஒரு சவாரிக்காகத் தாசேக் கெலுகோர் பக்கம் போனேன். தோட்டத்துச் சடக்கில் பால் வாளியைக் காவடியாகத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். மூன்றாவது ஆள் அவர்.

“அண்ணே! சௌக்கியமா? காரு நல்லா ஓடுதா?” வாளியை இறக்கி வைத்துவிட்டு, காரைச் சுற்றிப் பார்த்தார். தொடவில்லை. கையில் பால் பிசினாக ஒட்டியிருந்தது.

“உன்னைக் கூப்பிட்டிருக்கணும்யா” என்றேன்.

“நான்தாண்ணே. நானே வந்து கேட்டிருக்கணும்.”

பின்னால் கங்காணி, “அங்க என்னடா பேச்சு, பால் உறைஞ்சு போவுதுலா!” என்று கத்தினான். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு வருடத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு மரைக்காயரிடம் போனேன். உயிரோடு இருக்கும்போது போகாதவன் செத்த பிறகு போனேன். சந்தனம், கைப்பிடி, டிராம், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. “செத்துப்போன ஒருத்தன் பழியையும் நீங்க சொமக்கணும்னு பாக்குறீங்களே தம்பி. ஒங்க மனசு யாருக்கு வரும்? அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான்.”

நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். “நெசமாவே நான்தான் மொதலாளி!”

“அவனும் இப்படித்தான் சொன்னான். ஆனா அவன் செஞ்சுட்டுச் சொன்னான்” என்றார். வீட்டுக்குள் பார்த்து எனக்குக் கோப்பி கொண்டுவரச் சொன்னார்.

மலருக்கு எழுதும் தம்பியிடமும் போன வாரம் இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு வந்து காட்டியதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘தொழிலாளியின் கவனக்குறைவைத் தன் குறையாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையாளர்’ என்று என்னைப் பற்றிப் போட்டிருந்தது. அந்தத் தாளை அங்கேயே கிழித்தேன். அதனால்தான் என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

நான் செய்ததை இன்னொருத்தன் செய்ததாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான். இந்த ஊருக்கே தெரியும். மரைக்காயரைத் தாய் முகம் பார்க்க விடாமல் செய்தது நான். அந்த மனிதர் கையில் வாளியைத் திரும்பக் கொடுத்ததும் நான். அதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை, முழுக்க என்னுடையது. பெருந்தன்மை, கவனக்குறைவு என்று ஒரு சொல்லும் சேர்க்காமல், என் முழுப் பெயரையும் போட்டு அப்படியே அச்சடியுங்கள்.